வேர் எது என்று யார் சொல்வது?

சித்தூரிலிருந்து முல்பாகல் பக்கம் போகும் 69ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், மதனப்பள்ளியிலிருந்து புங்கனூர் வழியாக வந்து குப்பம், கிருஷ்ணகிரி என்று தெற்கே இறங்கும் 42ஆம் எண் நெடுஞ்சாலையும் பலமனேரில் சந்திக்கின்றன. பலமனேரிலிருந்து குடியாத்தம் போகிறவர் வி.கோட்டா, பேர்ணாம்பட்டு வழியாகவும் போகலாம். சித்தூருக்குப் போய் அங்கிருந்து பரதராமி வழியாகவும் போகலாம். இரண்டு பாதைகளையும் சேர்த்து வரைந்தால் முழுச் சுற்று ஒன்று கிடைக்கும். பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து வழி அடைபட்டாலும் போக்குவரத்து அறுந்துவிடாது. சுற்று இருப்பதே பாதுகாப்பு. கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும் என்றுதான் இரண்டாவது கேபிள் இழுக்கிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. சாலைச் சந்திப்புக்கு வரும் பேருந்து ஏதாவது ஒரு பக்கம்தான் திரும்பும். சுவிட்சுக்கு வரும் சில செய்திகளோ நகலெடுக்கப்பட்டு எல்லாப் பக்கமும் போகும். அவை ஒரு சுற்றுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. இதைத் தடுக்கத்தான் சுவிட்சில் கேபிள் செருகும் துளையான ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கப்படுகிறது. அந்தப் பொறுப்புகள் அனைத்தும் ஒரே ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றன. அந்த முடிவை மனிதர் எடுக்காமல் விட்டால், தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட ஓர் எண் அதை எடுத்துவிடுகிறது. எத்தனையோ நிறுவனங்களில் இன்றும் அந்த எண்தான் நெட்வொர்க்கை ஆள்கிறது என்பதால், இது நெட்வொர்க் ஊழியரின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒவ்வொரு கணினிக்கும், ஒவ்வொரு பிரிண்டருக்கும் மேக் முகவரி என்று 48 பிட் நீளமுள்ள எண் ஒன்று உண்டு. எந்த எண் எந்தப் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதை, வருகிற பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே சுவிட்ச் கற்றுக்கொள்கிறது. தெரிந்த முகவரிக்கு வந்தால் அந்த ஒரு போர்ட்டில் அனுப்பும். தெரியாத முகவரிக்கு வந்தாலோ, "இந்த ஐ.பி. முகவரி யாரிடம் இருக்கிறது?" என்று எல்லோரையும் கேட்கும் பிராட்காஸ்ட் வந்தாலோ, வந்த வழியை விட்டுவிட்டு மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பும். மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்துப் பாருங்கள். ஒரு பிராட்காஸ்ட் இரண்டு திசைகளிலும் கிளம்பி, சுற்றி வந்து, மறுபடி கிளம்பும். ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு ஒன்று உண்டு. அதிகபட்சம் 255, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட்டின் தலைப்பில் அப்படி எதுவும் இல்லை. அதனால் ஒரு முறை சுற்ற ஆரம்பித்த பிராட்காஸ்ட் தானாக நிற்காது. 1 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் விநாடிக்கு 14.88 லட்சம் வரை போக முடியும். சுற்றும் நகல்கள் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ரேக்கில் இருக்கும் அத்தனை சுவிட்சுகளின் விளக்குகளும் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் துடிக்கும். ஒரே கணினியின் முகவரி இரண்டு பக்கமிருந்தும் வருவதால், எழுதி வைத்த பட்டியலைச் சுவிட்ச் அழித்து அழித்து எழுதும். சுற்றில் உள்ள ஒரு கேபிளைப் பிடுங்கினால் மறுகணமே எல்லாம் அடங்கும். எந்தக் கேபிள் என்று தெரிவதுதான் கடினம்.

இதற்கு விடை கண்டவர் ரேடியா பெர்ல்மன். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1990இல் அது ஐ.இ.இ.இ. 802.1டி என்ற தரநிலையாயிற்று. அவருடைய எண்ணத்தின் அழகு இதுதான்: சுற்றை உடைக்கக் கேபிளை எடுக்க வேண்டியதில்லை, சுற்றின் ஏதோ ஒரு முனையில் இருக்கும் ஒரு போர்ட் பேசாமல் இருந்தால் போதும். கேபிள் அங்கேயே இருக்கட்டும்; வேறொரு கேபிள் அறுந்தால் அந்தப் போர்ட் பேச ஆரம்பிக்கட்டும். யார் பேசாமல் இருப்பது என்பதை முடிவு செய்ய மேலே ஒரு மேற்பார்வையாளர் தேவையில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் பக்கத்துப் பெட்டியோடு மட்டும் பேசி, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட முடியும். இந்த முறையில் பெட்டிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு அறிவிப்பை பி.பி.டி.யூ. என்கிறார்கள். வழக்கமாக 2 விநாடிக்கு ஒரு முறை அது போய்க்கொண்டிருக்கும்.

முதல் முடிவு, எந்தச் சுவிட்ச் ரூட், அதாவது மரத்தின் வேர், என்பது. மின்சாரம் வந்ததும் எல்லாச் சுவிட்சும் "நானே ரூட்" என்றுதான் அறிவிக்கும். தன்னைவிடச் சிறிய அடையாள எண் உள்ள ஒன்று அறிவிப்பதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் மிகச் சிறிய எண் உள்ளது ரூட் ஆகும். அதன்பின் மற்ற ஒவ்வொரு சுவிட்சும், ரூட்டை அடைய மிகக் குறைந்த செலவுள்ள தன் போர்ட் எது என்று கணக்குப் போடும். அதுதான் ரூட் போர்ட். ஒரு சுவிட்சுக்கு ஒன்றுதான் இருக்க முடியும். செலவு வேகத்தைப் பொறுத்தது: பழைய கணக்கில் 100 மெகாபிட் இணைப்புக்கு 19, 1 ஜிகாபிட்டுக்கு 4. அடுத்து, ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் இரு முனைகளில் ரூட்டுக்கு அருகில் இருக்கும் முனை பொறுப்பேற்கும். அது டெசிக்னேட்டட் போர்ட். அந்தக் கேபிளின் மறுமுனைக்கு ரூட்டின் அறிவிப்பைக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. ரூட் சுவிட்சின் போர்ட்டுகள் பொதுவாக எல்லாமே டெசிக்னேட்டட்தான், அதைவிட அருகில் வேறு யாரும் இல்லையே. இரண்டு பொறுப்பும் கிடைக்காத போர்ட் அமைதி காக்கும். 2001இல் வந்த விரைவு முறையில் அந்த அமைதிக்கு இரண்டு பெயர்கள் வந்தன. வேறொரு சுவிட்ச் வழியாக ரூட்டுக்கு மாற்றுப் பாதை வைத்திருப்பது ஆல்டர்னேட். ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டுகள் ஒரே பொது இணைப்பில் மாட்டியிருந்தால் அவற்றில் ஓய்ந்திருப்பது பேக்கப். வருவதையெல்லாம் எல்லாப் பக்கமும் அனுப்பும் ஹப் என்ற பெட்டி மறைந்துபோன இக்காலத்தில் இதைக் காண்பது அரிது.

விதிகள் இவ்வளவுதான். ஆனால் இவற்றிலிருந்து என்ன விளைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் புதிய சுவிட்சுகள். இரண்டுக்கும் நடுவே 1 ஜிகாபிட் இணைப்பு. நூலகத்தில் பத்து ஆண்டுக்கு முந்தைய 100 மெகாபிட் சுவிட்ச். அதிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கேபிள், ஆய்வகத்துக்கு ஒரு கேபிள். சர்வர், இணைய இணைப்பு எல்லாம் அலுவலகத்தில். அலுவலகச் சுவிட்சை ரூட் ஆக்கினால் கணக்கு இப்படிப் போகும்: ஆய்வகம் நேராக அலுவலகத்துக்குப் போனால் செலவு 4, அதுவே ரூட் போர்ட். நூலகம் நேராகப் போனால் 19, ஆய்வகம் சுற்றிப் போனால் 19ம் 4ம் சேர்ந்து 23, ஆகவே நேர்வழி. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள கேபிளில் ரூட்டுக்கு அருகில் இருப்பது ஆய்வகம். அதன் முனை டெசிக்னேட்டட், நூலகத்தின் முனை ஆல்டர்னேட். மெதுவான கேபிள் ஒன்று ஓய்வெடுக்கிறது, வேகமானது உழைக்கிறது. நாம் நினைத்தபடியே நடக்கிறது.

இப்போது யாரும் எதையும் அமைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுவிட்சின் அடையாள எண்ணில் முதலில் வருவது முன்னுரிமை. அடுத்து வருவது அதன் மேக் முகவரி. முன்னுரிமை எல்லாப் பெட்டியிலும் பெட்டியைப் பிரிக்கும்போதே 32768 என்றுதான் இருக்கும். ஆகவே போட்டியை முடிவு செய்வது மேக் முகவரிதான். ஒரு நிறுவனம் தன் முகவரிகளை ஏறுவரிசையில் செலவிட்டுக்கொண்டே வருவதால், பழைய பெட்டிக்குச் சிறிய எண் இருப்பது அடிக்கடி நடக்கும். எப்போதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் நெட்வொர்க் வேலை தெரிந்தவர்கள் பழைய பெட்டி ரூட் ஆகிவிடுவதைச் சகஜமாகப் பார்த்திருக்கிறார்கள். நம் கல்லூரியில் நூலகச் சுவிட்ச் ரூட் ஆகிறது. அலுவலகம் நூலகத்துக்கு நேராகப் போனால் 19, ஆய்வகம் சுற்றினால் 23. ஆய்வகத்துக்கும் அதே கணக்கு. இருவரும் நூலகத்தை நோக்கியே ரூட் போர்ட்டைத் திருப்பிக்கொள்கிறார்கள். மிச்சம் இருப்பது அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள 1 ஜிகாபிட் கேபிள். அதன் ஒரு முனை டெசிக்னேட்டட், மறுமுனை ஆல்டர்னேட். காசு கொடுத்து வாங்கிய ஒரே வேகமான இணைப்பு ஊமையாகிவிட்டது. ஆய்வகத்திலிருந்து சர்வருக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் பத்தாண்டுப் பழைய பெட்டியின் வழியாக 100 மெகாபிட்டில் ஊர்ந்து போகிறது. கேபிள்கள் அவையே, பெட்டிகள் அவையே. எதுவும் பழுதாகவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது. "நெட் ஸ்லோவா இருக்கு" என்று மாணவர்கள் சொல்வார்கள், இணைய நிறுவனத்தைத் திட்டுவார்கள், இன்னும் பெரிய பிளான் போடுவார்கள். அதனால் இந்தக் குறை தீராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. சிஸ்கோ சுவிட்சில் "ஷோ ஸ்பானிங்-ட்ரீ" என்ற கட்டளையைக் கொடுத்தால் மேலே ரூட் யார் என்று வரும், கீழே போர்ட்டுகள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூட், டெசிக்னேட்டட், ஆல்டர்னேட் என்பதன் சுருக்கம், பக்கத்தில் அது பாக்கெட் அனுப்புகிறதா அடைத்து வைத்திருக்கிறதா என்பது. அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால், பேசாத போர்ட் எது என்று பார்த்து, அது பேசாமல் இருக்க வேண்டிய போர்ட்தானா என்று கேட்கலாம். கட்டளை தெரியாவிட்டாலும் பல சுவிட்சுகளில் அடைக்கப்பட்ட போர்ட்டின் விளக்கு பச்சையாக இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் எரியும். திருத்துவதும் ஒரு வரிதான். ரூட் ஆக வேண்டிய சுவிட்சுக்கு முன்னுரிமையை 4096 என்றும், அது விழுந்தால் அடுத்து வர வேண்டியதற்கு 8192 என்றும் கொடுத்துவிட்டால், மற்றதெல்லாம் பெட்டிகளே பார்த்துக்கொள்ளும்.

இதைக் கவனிக்காமல் நெட்வொர்க்கை வளர்த்துக்கொண்டே போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு, உலகம் அறிந்த சான்று பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனை. 1996இல் இரண்டு மருத்துவமனைகள் ஒன்றாகி உருவானது அது. ஆண்டுக்கு ஆண்டு புதிய கட்டடங்கள், புதிய சுவிட்சுகள் என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே வந்தார்கள். ஸ்பானிங் ட்ரீயின் நேரக் கணக்குகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சுவிட்சுகளுக்கு மேல் இருக்காது என்று வைத்துப் போடப்பட்டவை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சுமந்த பகுதியோ மையத்திலிருந்து 10 தாவல் தள்ளிப் போய்விட்டது. 2002 நவம்பர் 13, புதன்கிழமை, ஓர் ஆய்வாளரின் கோப்புப் பகிர்வு மென்பொருள் கொட்டிய தரவில் நெட்வொர்க் தத்தளித்தது. சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அறிவிப்புகள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மரம் குலைந்து சுற்றுகள் உருவாயின. ஏறக்குறைய நான்கு நாட்கள் அந்த மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதி ஆட்கள் சுமந்துகொண்டு போனார்கள். கணினி இல்லாமல் மருந்து எழுதியே பழகாத இளம் மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். தகவல்தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா தாமே மருத்துவர். நடந்ததை அவர் மறைக்கவில்லை, மற்ற மருத்துவமனைகள் அறியட்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. சுவிட்ச் போர்ட்டின் பொறுப்பு மருத்துவ இதழுக்குரிய செய்தியாவது அன்று பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். சித்தூரிலும் வேலூரிலும் நோயாளியின் படமும் பரிசோதனை முடிவும் கேபிள் வழியாகவே மருத்துவரிடம் போகிற இன்று அதில் வியப்பு இல்லை.

பாஸ்டன் காட்டிய இன்னொரு உண்மை, அமைதியாக இருக்கும் போர்ட்டைப் பற்றியது. அது உறங்குவதில்லை. பாக்கெட் அனுப்பாதே தவிர, எதிர்முனையிலிருந்து வரும் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். "ரூட்டுக்கு நான் உன்னைவிட அருகில் இருக்கிறேன்" என்ற அந்தக் குரல் கேட்கும் வரைதான் அது அடங்கியிருக்கும். குரல் நின்றால், பாதை அறுந்துவிட்டது என்று முடிவு செய்து பேச ஆரம்பித்துவிடும். உண்மையிலேயே அறுந்திருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் எதிரே இருக்கும் சுவிட்ச் வேலைப்பளுவில் திணறி அறிவிப்பை அனுப்ப மறந்திருந்தால்? போக ஓர் இழை, வர ஓர் இழை என்று இரண்டு இழையுள்ள ஃபைபரில் வருகிற இழை மட்டும் பழுதாகியிருந்தால்? போர்ட் தவறாகத் திறந்துகொள்ளும், சுற்று உருவாகிவிடும். செய்தி வராதபோது அடைப்பதற்குப் பதில் திறப்பது இந்த முறையின் பிறவிக்குறை. இதை மறைக்க வேண்டியதில்லை. லூப் கார்டு போன்ற பாதுகாப்புகள் இதற்காகவே பின்னால் சேர்க்கப்பட்டன. ஆந்திரத்தில் 2017 டிசம்பர் 27 அன்று தொடங்கப்பட்ட மாநில ஃபைபர்நெட் திட்டத்தில் மின்கம்பங்களின் மேலேயே ஃபைபர் இழுக்கப்பட்டது. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரைக் கம்பத்தில் தொங்கவிடும் எந்த நிறுவனமும் காற்று, மரக்கிளை, குரங்கு மூன்றையும் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். அங்கே அரைகுறையாகப் பழுதாகும் இழை வெறும் ஏட்டுக் கற்பனை இல்லை.

காசு கொடுத்துப் போட்ட கேபிளை அடைத்து வைப்பது வீண்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் என்றால், இரண்டையும் சேர்த்து ஒரே இணைப்பாகக் கட்டிவிடும் வழி இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ அதை ஒரே கேபிளாகத்தான் பார்க்கும், எதையும் அடைக்காது. ஒரே சுவிட்சுகளின் மேல் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள், அதாவது வி.லேன்கள், பல உள்ள இடத்தில், சிலவற்றுக்கு ஒரு சுவிட்சையும் மற்றவற்றுக்கு வேறொரு சுவிட்சையும் ரூட்டாக வைத்தால், ஒன்றுக்கு ஓய்ந்திருக்கும் கேபிள் மற்றொன்றுக்கு உழைக்கும். இரண்டு வழியிலும் வேர் எது என்று ஆள் உட்கார்ந்து யோசித்தால்தான் பலன்.

இது நாற்பது ஆண்டுப் பழைய முறை, பெரிய டேட்டா சென்டர்கள் கைவிட்டுவிட்டன என்பதும் உண்மையே. பெர்ல்மனே பிற்காலத்தில் இதற்கு மாற்றாக ட்ரில் என்ற முறையை முன்வைத்தார். இன்று பெரிய சென்டர்களில் சுவிட்சுகளுக்கு நடுவே ரவுட்டிங் செய்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே அதைப் பராமரிக்க இன்ஜினீயர்களின் படையே இருக்கிறது. ஒரு பள்ளியில், ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில், ஒரு வட்டார மருத்துவமனையில் இருப்பது நான்கைந்து சுவிட்சுகளும், வேறு பத்து வேலைகளோடு இதையும் பார்க்கும் ஒருவரும். அவருக்குக் கிடைக்கும் மேனேஜ்டு சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் ஸ்பானிங் ட்ரீ உள்ளேயே இருக்கிறது. புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். அதை விட்டுவிட்டு வேறெதற்குக் காத்திருப்பது?

லூப், அதாவது சுற்று, போடாமல் கவனமாக இருந்தால் போதாதா, ஸ்பானிங் ட்ரீயை அணைத்தே வைக்கலாமே என்பவர்களும் உண்டு. சிலர் அணைத்தும் வைக்கிறார்கள்; காரணம் பழைய முறையில் கணினியை மாட்டியதும் 30 விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது, பாதை மாற 50 விநாடி வரை ஆனது. ஆனால் லூப் போடுவது பெரும்பாலும் நெட்வொர்க் ஊழியர் அல்ல. தேர்வு நேரத்தில் மேசைக்கு அடியில் போர்ட் போதவில்லை என்று கடையில் சின்ன சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டுகிறவர். தரையில் கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் சுவரில் இருக்கும் இரண்டு துளைகளில் நல்லெண்ணத்தோடு செருகிவிடுகிறவர். அந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ பேசாதவை. மேலே இருக்கும் சுவிட்ச்தான் தற்காத்துக்கொள்ள வேண்டும். கணினி மட்டும் மாட்டும் போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று அறிவித்தால் 30 விநாடிக் காத்திருப்பு போய்விடும். அந்தப் போர்ட்டில் பி.பி.டி.யூ. வந்தால் உடனே மூடு என்ற காவலையும் சேர்த்தால், யாரோ கொண்டுவந்து மாட்டும் பழைய சுவிட்ச் சிறிய எண்ணைக் காட்டி ரூட் பதவியைப் பிடிப்பதும் தடைபடும். 2001இன் விரைவு முறையில், ரூட் போர்ட்டின் கேபிள் அறுந்தால் ஆல்டர்னேட் போர்ட் ஏறத்தாழ உடனடியாக அந்த இடத்துக்கு வருகிறது. பேச்சு நின்றதைக்கூட 2 விநாடி அறிவிப்பு மூன்று தவறினால், அதாவது 6 விநாடியில், உணர்ந்துகொள்கிறது. அணைத்து வைக்கச் சொன்ன காரணம் இருபது ஆண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

பின்னால் வந்தவர்கள் எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதையும் பார்க்கலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஊர்களை ஃபைபர் வளையத்தில் இணைப்பதற்காக 2008இல் ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி.8032 என்ற தரநிலையை வெளியிட்டது. அங்கும் வளையத்தின் ஓர் இணைப்பு அடைத்தே வைக்கப்படுகிறது. வேறோர் இடத்தில் அறுந்தால் 50 மில்லி விநாடிக்குள் திறக்க வேண்டும் என்பது இலக்கு. பேசாமல் காத்திருக்கும் அந்த இணைப்பு எது, அதற்குப் பொறுப்பான பெட்டி எது என்பதற்கு அங்கே தேர்தல் கிடையாது. வளையத்தை அமைக்கும்போதே இன்ஜினீயர் அதைக் குறித்துக் கொடுத்தாக வேண்டும்.